‘பிராஃப்ளிகட்’: ஊதாரி என்று எழுதினால் பாதிதான் வரும்

புதுச்சேரியில் ஆங்கிலம், பிரெஞ்சு, தமிழ் மூன்றிலும் புழங்குகிறவர்கள் அடிக்கடி இடறும் ஆங்கிலச் சொல் இது (profligate). முதலில் உச்சரிப்பு: ‘பிராஃப்ளிகேட்’ என்று நீட்டாதீர்கள். அழுத்தம் தொடக்கத்தில், கடைசி அசை ‘கட்’ என்று குறுகும்.

அகராதியில் ‘ஊதாரி’ என்று கண்டதும் அப்படியே எழுதிவிடுவதுதான் பெரிய தவறு. ஊதாரி காசை அழிப்பவன்; மனத்தளவில் நல்லவனாகவும் இருக்கலாம். கடலூரில் கடன் வாங்கி ஊரையே கூட்டிப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்தவரை ஊதாரி என்று ஏசலாம், பிராஃப்ளிகட் என்று சொல்ல முடியாது. மனைவியின் தாலிச் செயினை அடகு வைத்துச் சூதாடி, குடித்து, அதற்காகக் கூச்சமும் படாமல் திரிபவனுக்கே அந்தச் சொல். பணமும் ஒழுக்கமும் சேர்ந்து கெட்ட நிலை அது. தமிழில் ‘சீரழிந்தவன்’ இதற்கு மிக அருகில் வருகிறது. வேரும் அதையே சொல்கிறது.

வேர்ச்சொல் லத்தீன் ‘ப்ரோஃப்லீகாரே’: அடித்து வீழ்த்துதல். ‘கான்ஃப்ளிக்ட்’, ‘இன்ஃப்ளிக்ட்’ எல்லாம் அதே ‘அடி’யிலிருந்து கிளைத்தவை. ‘பிராஃபிட்’டோடு உறவே இல்லை. ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டில் தோற்று வீழ்ந்தவன் என்றும், 17இல் தீயொழுக்கத்தால் வீழ்ந்தவன் என்றும் பொருள்பட்டது. கண்மண் தெரியாத செலவு என்ற பொருள் 18இல்தான் ஊன்றியது. ஆகவே 17ஆம் நூற்றாண்டு எழுத்தை மொழிபெயர்க்கும்போது அங்கே பணத்தை நுழைத்தால் பொருள் பிசகும்.

ஊதாரி என்பதற்கு ஆங்கிலத்தில் வரும் ‘பிராடிகல்’ (prodigal) வேறு சொல், வேறு வேர்: ‘ப்ரோடிகெரே’, விரட்டிவிடுதல். கையிலிருப்பதை விரட்டிவிடுகிறவன். பிரெஞ்சில் இது ‘ப்ரொதிக்’. ‘ப்ரொதிஜ்’ என்றால் மேதை. ஒலியில் கடைசி மெய் ஒன்றுதான் வித்தியாசம். கவனிக்காவிட்டால் மேதைக் குழந்தை ஊதாரிப் பிள்ளையாகிவிடும். பைபிளில் லூக்கா 15ஆம் அதிகாரத்தில் சொத்தை அழித்த மகனை (ஆங்கிலத்தில் ‘பிராடிகல் சன்’) கத்தோலிக்கர் ‘ஊதாரி மைந்தன்’ என்றும் சீர்திருத்த சபையார் ‘கெட்ட குமாரன்’ என்றும் சொல்வதில் எது சரி என்று சண்டை வேண்டாம். கிரேக்க மூலத்தில் 13ஆம் வசனம் அவன் வாழ்ந்த விதத்துக்கு இடும் அடைமொழி ‘அசோதோஸ்’. அதில் விரயமும் உண்டு, கேடும் உண்டு.

பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிரான்சின் 1804 உரிமையியல் சட்டத் தொகுப்பான சிவில் கோடின் 513ஆம் பிரிவில் ‘ப்ரொதிக்’ வசைச்சொல் இல்லை, சட்ட நிலை. அப்படி அறிவிக்கப்பட்டவர், நீதிமன்றம் நியமித்த ஆலோசகரின் துணையின்றி வழக்காடவோ கடன் வாங்கவோ சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ அப்போது முடியாது. 1881 ஆணைப்படி தங்கள் சொந்த மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பங்களின் காகிதங்களில் இந்தச் சொல் எதிர்ப்பட்டால், ‘ஊதாரி’ என்று எழுதித் தாத்தாவின் பெயரைக் கெடுக்காதீர்கள். ‘செலவுக் கட்டுப்பாட்டுக்கு உள்ளாக்கப்பட்டவர்’ என்று விரித்தெழுதுங்கள்.

செய்தித் தமிழில் நேர்மாறான தவறு நடக்கிறது. அரசின் செலவை ஆங்கிலத்தில் பிராஃப்ளிகட் என்றால், அங்கே ஒழுக்கக்கேட்டைக் கொண்டுவர வேண்டாம். ‘பொறுப்பற்ற செலவு’ போதும். கால்பந்து வர்ணனையிலும் இந்தச் சொல் வரும். அங்கே அது கோல் வாய்ப்புகளை வீணடித்த அணி, அவ்வளவுதான்.