நீர் பார்த்துத் தூண்டில் போடுதல்: ஐப்பசி, கார்த்திகையில் சேலம் வட்டாரம்

மழை பெய்த மறுநாளே மண்புழு டப்பாவோடு ஏரிக்கரைக்கு ஓடுகிறவர்கள் சேலத்தில் அதிகம். வெறும் கையோடு திரும்புகிறவர்களும் அவர்களே. வடகிழக்குப் பருவமழையின் முதல் வெள்ளம் சேர்வராயன் மலைச் சரிவிலிருந்து செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்து ஏரிகளைக் காவி நிறமாக்கிவிடும். அந்த நீரில் கண்ணால் இரை தேடும் மீன்கள் வாய் திறப்பதில்லை. அதற்கு மேல் மழை இல்லாமல் மூன்று நாளாவது நீர் தெளிய விட வேண்டும். முழங்கை அளவுக்குக் கையை நீரில் விட்டுப் பாருங்கள்: விரல் நுனி மங்கலாகவாவது தெரிந்தால் கெண்டை வகைகளுக்குத் தூண்டில் போடலாம், மணிக்கட்டே மறைந்துபோனால் அன்றைக்குக் கெளுத்தி மட்டும்தான். கெளுத்தி மீசையால் தடவியும் மோப்பம் பிடித்தும் இரை தேடுவதால் கலங்கல் அதற்குத் தடையில்லை. ஈயத்தை அடிமட்டத்தில் படுக்கவிட்டு, தூண்டில் முள் நிறைய மண்புழு கோத்துப் போட்டால் போதும். கழற்றும்போது அதன் பக்கத் துடுப்புகளிலும் முதுகிலும் உள்ள முட்களுக்குப் பின்னால் விரல் கொடுத்துப் பிடியுங்கள். அவசரத்தில் ஒருமுறை குத்து வாங்கி, இரண்டு நாள் பேனா பிடிக்க முடியாமல் கிடந்தவன் சொல்கிறேன்.

ஏரி நிரம்பிக் கோடி, அதாவது உபரி நீர் வழியும் இடம், போகத் தொடங்கியதும் மீன் பிடிக்கும் இடம் மாறும். வழிந்தோடும் நீரை எதிர்த்து ஏறுவது மீனின் சுபாவம் என்பதால் எல்லோரும் கோடியின் நடுவிலேயே தூண்டிலை வீசுவார்கள். ஆனால் ஏறி வரும் மீன் களைத்து நிற்பது பாய்ச்சலில் அல்ல, பாய்ச்சலுக்கும் தேங்கிய நீருக்கும் இடையே நுரை வட்டமிடுகிற ஓரத்தில்தான். தக்கையை அந்த விளிம்பில் விட்டு, அது சுழன்று நிற்கும் இடத்தில் பொறுத்திருக்க வேண்டும். வயிறு பருத்த, முட்டை நிறைந்த மீன் சிக்கினால் திருப்பி விடுவதே முறை. பெரும்பாலான ஏரிகள் மீன்பாசி குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்கார்ந்தால் பாதி நாளில் எழுந்து போகும்படி ஆகாது.

இரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கெண்டை வகைகளான ரோகுவுக்கும் மிரிகாலுக்கும் மைதாவையும் கடலைப் புண்ணாக்குத் தூளையும் சம அளவில் கலந்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைய வேண்டும்; ஊற்றினால் கெட்டது. சப்பாத்தி மாவை விடச் சற்று இறுக்கமான பதம் வந்ததும், பஞ்சைப் பிய்த்து நார் நாராக உள்ளே விட்டு மறுபடி பிசைந்தால், ஓடும் நீரிலும் உருண்டை முள்ளை விட்டு நழுவாது. உருண்டை நெல்லிக்காய் அளவைத் தாண்ட வேண்டியதில்லை. மீனைக் கூட்டுவதற்கு நம் ஊரில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு வசதி உண்டு: ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளி அரைத்து மிஞ்சும் திப்பி. அதைத் தவிட்டோடு நனைத்து இரண்டு கைப்பிடி தூவிவிட்டு, அரை மணி நேரம் சத்தமில்லாமல் இருங்கள். மேலும் மேலும் தூவினால் மீன் அதிலேயே வயிறு நிறைந்துவிடும்.

விரால் வேறு சாதி. காற்றை வாயால் எடுக்க அது மேலே வந்தே ஆக வேண்டும் என்பதால், கோரைப் புல்லோரம் ‘பளக்’ என்ற ஒலியும் குமிழியும் கேட்ட இடத்துக்குச் சற்று முன்னால் சிறு மீனை உயிரோடு கோத்து விடுவார்கள். மழைக்காலத்தில் நீர்மேல் செம்மஞ்சள் புள்ளிகளாகக் குஞ்சுக் கூட்டம் ஒன்று உருண்டு உருண்டு நகர்வதைக் கண்டால், அதன் அடியில் பெரிய விரால் காவல் நிற்கிறது என்று பொருள். அப்போது அது எதன் மீதும் பாயும், பிடிப்பதும் மிக எளிது. பிடித்துவிட்டால் மற்ற மீன்கள் அத்தனை குஞ்சுகளையும் தின்றுவிடும். இதைத் திறமை என்று காட்டிக்கொள்கிறவர்களோடு நான் கரையைப் பகிர்வதில்லை.

காவிரிக்கு மேற்சொன்ன கணக்கு பொருந்தாது. மேட்டூருக்கு வரும் நீரில் பெரும்பங்கு கர்நாடக மழையிலிருந்து வருவதால், சேலத்தில் வெயில் காயும்போதும் அங்கே கலங்கல் இருக்கலாம். நாளிதழில் காலையில் வரும் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டே பேருந்து ஏற வேண்டும். நீர்மட்டம் முழு உயரமான 120 அடியை நெருங்கி, வரத்தும் ஏறிக்கொண்டிருந்தால், 16 கண் மதகு எந்நேரமும் திறக்கப்படலாம். அதன் கீழுள்ள பாறைக் குட்டைகளில் மீன் எவ்வளவு துள்ளினாலும் அந்தப் பக்கம் இறங்கக் கூடாது. டெல்டாவில் நல்ல மழை பிடித்தால் பாசனத் திறப்பைச் சட்டென்று குறைப்பார்கள். பூலாம்பட்டிப் பக்கமோ கதவணை இயக்கத்தைப் பொறுத்தும் நீர் ஏறி இறங்கும். நீர் இறங்கும்போது மீன் ஓரத்தை விட்டு ஆழத்துக்குப் போய்விடும். அப்போது தக்கையைக் கழற்றிவிட்டு, ஈயம் கட்டி ஆழத்தில் போடுவதே பயன் தரும். பிற்பகலில் இடி கேட்டால் கார்பன் இழைத் தூண்டில் தண்டைக் கீழே வைத்துவிட்டுக் கரையேறுங்கள். அது மின்சாரத்தைக் கடத்தும்.

ஏற்காட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கார்த்திகைக் குளிரில் மலை நீர் சில்லிட்டு மீன் மந்தமாகிவிடும். ஓடைக் குட்டைகளில் வெயில் ஏறும் முன் உட்காருவது வீண்.

உப்பு நீர் ஆசை உள்ளவர்கள் பரங்கிப்பேட்டைக்குப் போகலாம். ஆத்தூர் வழியே ஓடும் வசிஷ்ட நதி வெள்ளாற்றில் கலந்து அங்கேதான் கடலைச் சேர்கிறது. ஆகவே நம் மாவட்டத்து மழை அந்த முகத்துவாரத்தையும் கலக்கும். வெள்ளம் வடிந்து, செந்நீரும் நீலநீரும் சந்திக்கும் கோடு தெளிவாகத் தெரிகிற நாளில், கடல் ஏறும் நேரத்தில், அந்தக் கோட்டை ஒட்டி உயிர் இறாலைக் கோத்து விட்டால் கொடுவாய் மீனுக்கு வாய்ப்புண்டு. மடவை மீனைத் துரத்திக்கொண்டு அது உள்ளே வரும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானதாக அறிவிப்பு வந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். வீடு திரும்பிய இரவே ரீலையும் வளையங்களையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, முட்களைத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியில் செருகி வையுங்கள். காலையில் செய்துகொள்ளலாம் என்று விட்ட முட்கள், அடுத்த முறை டப்பாவைத் திறக்கும்போது துருவேறிக் கிடக்கும்.