ஹோல்டர் கருவியை மாட்டிக்கொண்டு படுத்துவிடாதீர்கள்

படபடப்பு, தலைசுற்றல் என்று போனால் எடுக்கும் சாதாரண ஈசிஜி சுமார் 10 விநாடித் துடிப்பைத்தான் பதிவு செய்கிறது. அந்த நேரத்தில் கோளாறு தலைகாட்டாவிட்டால் எல்லாம் சரியாக இருப்பதாகவே அறிக்கை வரும். அதனால்தான் 24 அல்லது 48 மணி நேரத்துக்கு மார்பில் ஸ்டிக்கர்களை ஒட்டி, இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை இடுப்பில் மாட்டி அனுப்புகிறார்கள்.

மாட்டிக்கொண்டு வந்ததும் பலர் கட்டிலில் சாய்ந்துவிடுகிறார்கள். அசையவிடாமல் வீட்டாரும் காவல் இருப்பார்கள். பாலக்கோட்டில் தக்காளிக் கூடை தூக்கும்போதுதான் நெஞ்சு படபடக்கிறது என்றால், கூடை தூக்கும் நாளைத்தானே கருவி பார்க்க வேண்டும்? 1940களில் அமெரிக்கர் நார்மன் ஹோல்டர் உருவாக்கிய முதல் கருவி சுமார் 38 கிலோ. முதுகில் சுமக்க வேண்டும். நடமாடும் மனிதனின் இதயத்தைப் பதிவு செய்யத்தான் அத்தனை பாடு. மருத்துவர் தடுக்காதவரை வழக்கமான வேலையைச் செய்யுங்கள். மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அடுத்த தவறு, தொந்தரவு வரும் நேரத்தை எழுதக் கையில் கொடுத்த குறிப்புத்தாளை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது. 'மதியம் மயக்கம்' என்று எழுதினாலும் பெரிய பயனில்லை. 'மதியம் 2.40, மாடிப்படி ஏறினேன், கண் இருட்டியது, ஒரு நிமிடம்' என்று எழுதினால், மருத்துவர் அந்த 2.40-இன் துடிப்பைத் தேடி எடுத்துப் பார்ப்பார். கருவியில் மணி தெரிந்தால் அதைப் பார்த்தே எழுதுங்கள். சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் கூட்டி வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. எழுத வராதவர்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் சொல்லலாம்.

கருவி மாட்டப் போகும் முன்பே குளித்துவிடுங்கள். மார்பில் எண்ணெய், பவுடர், சந்தனம் எதுவும் வேண்டாம். ஒகேனக்கல் எண்ணெய் மசாஜும் அருவிக் குளியலும் அடுத்த வாரம் இருக்கட்டும். குளிப்பதற்காகக் கழற்றி, பிறகு குத்துமதிப்பாக ஒட்டினால் பதிவு கெடும். வியர்வையில் ஸ்டிக்கர் விட்டுவந்தால் அதே இடத்தில் அழுத்திவிட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டு, கருவியை மாட்டிவிட்ட மையத்துக்குப் போன் செய்யுங்கள். செல்போனைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள். ஓசூர் தொழிற்சாலைகளில் வெல்டிங் போன்ற வேலை செய்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, மருத்துவர் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நம்பிக்கை. வழக்கமான ஹோல்டர் பதிவு மட்டுமே செய்யும். யாருக்கும் தகவல் அனுப்பாது. நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தாலும், மயங்கி விழுந்தாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். கருவியைக் கழற்றலாமா என்று யோசித்து நேரத்தைக் கடத்தாமல், ஒயரோடு அப்படியே ஆம்புலன்ஸில் ஏறிவிடுங்கள்.