அதிகாரியின் சுயபுராணத்தைப் பாதியில் மூடி வைப்பது எப்படி

முன்னாள் அதிகாரிகளின் நினைவுக் குறிப்புகள் கண்ணில் பட்டால் விடமாட்டேன். ஆனால் கடைசிவரை படிக்கிறவை ரொம்பக் குறைவு. எதை எங்கே நிறுத்துவது என்று எனக்கு ஒரு வழி இருக்கிறது.

முதலில் பின்பக்கம் போய்ப் பெயரடைவைப் பாருங்கள். அவர் பதவியில் இருந்தபோது ஊரறிய நடந்த ஒரு சொதப்பல் உங்களுக்கே தெரிந்திருக்கும். அது வருகிறதா, எத்தனை பக்கத்துக்கு? அதற்கு அரைப் பக்கம், வாங்கிய விருதுகளுக்கு ஒரு முழு அத்தியாயம் என்றால் பாதி முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

அந்த அரைப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். அதுவரை "உத்தரவிட்டேன்", "அன்றிரவே கையெழுத்திட்டேன்" என்று வந்தவர், இங்கே மட்டும் "தாமதம் ஏற்பட்டது", "முடிவு எடுக்கப்பட்டது" என்பார். தாமதித்தது யார், எடுத்தது யார்? கோப்பு கால் முளைத்துத் தானே மேசை மேசையாக நடந்த மாதிரி இருக்கும். பெயரடைவே இல்லாத புத்தகமா? சந்தேகத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆனால் தற்பெருமை ஒன்றுக்காக மூடிவிடாதீர்கள். பெருமை அடித்துக்கொண்டே, எந்தக் கூட்டத்தில் யார் எதிர்த்தார், யார் வாய் திறக்கவில்லை என்று போட்டு உடைக்கிறவர்களும் உண்டு. அவர்களைப் படிக்கலாம். தன் தவறு ஒன்றையாவது தன் வாயால் சொல்கிறவரையும் படிக்கலாம். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த யுலிசிஸ் கிராண்ட், 1885-ல் தொண்டைப் புற்றுநோயோடு போராடியபடி நினைவுக் குறிப்புகளை முடித்தார். 1864-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தளபதியாக இருந்தபோது கோல்ட் ஹார்பர் என்ற இடத்தில் தான் நடத்திய கடைசித் தாக்குதலுக்காக எப்போதும் வருந்தியதாக அதில் எழுதியிருக்கிறார். அவ்வளவு பெரிய ஒப்புதல்கூட வேண்டாம், சின்னதாக ஒன்று போதும்.

அதுவும் இல்லையா? சரி, மூடலாம். மூடுமுன் பின்னிணைப்பைப் புரட்டுங்கள். பழைய கடிதமோ குறிப்பாணையோ முழுசாக அச்சாகியிருந்தால், மொத்தப் புத்தகத்திலும் உருப்படியானது அதுவாகத்தான் இருக்கும்.

நடந்தது என்ன என்று தெரிந்தாக வேண்டுமானால் விசாரணை அறிக்கைக்கோ தணிக்கை அறிக்கைக்கோ போய்விடுங்கள். இராக் போர் பற்றிய தன் தரப்பை, பிரிட்டிஷ் பிரதமராக இருந்த டோனி பிளேர் 2010-ல் புத்தகத்தில் எழுதினார். 2016-ல் அதே போரைப் பற்றிய பிரிட்டனின் சில்காட் விசாரணை அறிக்கை 12 தொகுதிகளாக வந்தது. போர் அந்த நேரத்தில் கடைசி வழியாக இருக்கவில்லை என்று அது சொன்னது. எல்லாத் தொகுதிகளும் வேண்டாம், சுருக்கத்தைப் படித்தாலே நிறையப் புரியும்.

புத்தகத்தை அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால்தான் சங்கடம். எப்போதாவது பார்க்கும்போது "படித்தீர்களா?" என்பார். இதற்காகவே இளமைக்கால அத்தியாயத்தை மட்டும் விடாமல் படித்து வையுங்கள். பெரும்பாலும் அது நன்றாகவே இருக்கும். அதில் அவர் இன்னும் அதிகாரி ஆகவில்லையே. "உங்கள் கணக்கு வாத்தியார் அப்புறம் என்ன ஆனார்?" என்று கேளுங்கள். பேச ஆரம்பித்துவிடுவார், நீங்கள் எதுவரை படித்தீர்கள் என்ற விசாரணை வராது.