வீட்டுக் கணினியில் கரோக்கி: முதலில் சுருதி, அப்புறம் மைக்

கரோக்கி பாட ஆசைப்படுகிற பலரும் முதலில் விசாரிப்பது மைக் விலையைத்தான். என்னைக் கேட்டால் அதைக் கடைசியில் வாங்கினால் போதும். ஒரு கணினி, வயர் உள்ள ஹெட்செட், இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருள், இவ்வளவு இருந்தால் இன்றே தொடங்கலாம்.

படி 1: பாடகர் குரல் இல்லாத ட்ராக்கை எம்பி3 கோப்பாக வைத்துக்கொண்டு, ஆடாசிட்டிக்குள் இழுத்துப் போடுங்கள்.

படி 2: சுருதியைச் சரிசெய்யுங்கள். அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை இதுதான். சினிமாப் பாட்டு அதைப் பாடியவரின் குரலுக்கு அமைந்தது. சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற கணக்கில் சொல்வார்கள். ஆண்கள் பொதுவாக ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையை ஒட்டிப் பாடுவார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரையை ஒட்டி. அதனால் உங்களுக்குப் பிடித்த பாட்டு உங்கள் தொண்டைக்குப் பிடிக்காமல் போகலாம். அதற்காகப் பாட்டை விட்டுவிடாதீர்கள்.

சரணத்தில் எந்த வரி மிக உயரப் போகிறதோ அதை மட்டும் ட்ராக்கோடு பாடிப் பாருங்கள். கழுத்து நரம்பு புடைத்தால் சுருதியை இறக்க வேண்டும். ட்ராக் முழுவதையும் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் சேஞ்ச் பிட்ச் போய், செமிடோன் (சுருதியின் மிகச் சிறிய படி) கட்டத்தில் -2 என்று இடுங்கள். வேகம் மாறாது. ஒரு கட்டைக்கும் ஒன்றரைக்கும் இடையே ஒரு செமிடோன். மூன்றுக்கும் நாலுக்கும் இடையேயும் ஒன்றுதான், நடுவில் மூன்றரை கிடையாது. இறக்கிய பிறகு பல்லவியின் தாழ்ந்த வரியையும் பாடிப் பாருங்கள். அது காற்றாகப் போனால் ஒரு செமிடோன் ஏற்றுங்கள். நாலைந்து செமிடோனுக்கு மேல் நகர்த்தினால் வயலினும் புல்லாங்குழலும் இயல்பு கெட்டு ஒலிக்கத் தொடங்கும்.

படி 3: பதிவு. ஃபேனை நிறுத்துங்கள். ஸ்பீக்கர் வேண்டாம், ட்ராக்கும் மைக்கில் ஏறிவிடும். புளூடூத்தும் வேண்டாம், ஒலி காதுக்கு வரவே தாமதமாகும். ஷிஃப்ட் விசையையும் R விசையையும் சேர்த்து அழுத்தினால் ட்ராக் ஓட, உங்கள் குரல் தனி வரிசையில் பதியும். உச்சத்தில் பாடும்போதும் அளவுமானி -6ஐத் தாண்டாதபடி மைக் அளவைக் குறைத்து வையுங்கள்.

படி 4: கேட்டுப் பார்த்தால் குரல் தாளத்துக்குக் கொஞ்சம் பின்தங்கி இருக்கலாம். தாளம் தெரியாதவர் என்று உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். ஒலி கணினிக்குள் போய்வரும் தாமதம் அது. ஹெட்போனின் ஒரு காதை மைக்கோடு ஒட்டிப் பிடித்துச் சில நொடிகள் பதியுங்கள். ஒரே தபலா அடி இரண்டு வரிசையிலும் கூர்மையாகத் தெரியும். பெரிதாக்கி, இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பிரிஃபரன்ஸில் லேட்டன்சி காம்பன்சேஷன் என்ற இடத்தில் வழக்கமாக -130 இருக்கும். பதிவு இன்னும் 80 மில்லிசெகண்ட் பிந்தியிருந்தால் அதை -210 ஆக்குங்கள். அதே ஹெட்செட், அதே கணினி என்றால் பெரும்பாலும் இதை மறுபடி தொட வேண்டியிருக்காது.

படி 5: குரலுக்கு ரிவெர்ப் (கூடத்தில் பாடுவது போன்ற எதிரொலிப்பு) துளி போதும், கூடினால் சொற்கள் கரைந்துவிடும். எம்பி3 ஆக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். புராஜெக்ட்டையும் தனியாகச் சேமியுங்கள், நாளைக்குச் சரியாக வராத ஒரு வரியை மட்டும் திரும்பப் பாடிச் சேர்த்துக்கொள்ளலாம்.