கடிகாரம் இல்லாமல் முடுக்கத்தை அளப்பது எப்படி? கலீலியோவின் சாய்தளம், வீட்டுக் கூடத்தில்

மகள் ஒன்பதாம் வகுப்பு. இயக்கச் சமன்பாடுகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தவள் ஒரு ஞாயிறு காலை புத்தகத்தை மூடிவிட்டு, "அப்பா, இந்த அரை எங்கேயிருந்து வந்துச்சு?" என்று கேட்டாள். ஓய்விலிருந்து கிளம்பும் பொருள் கடக்கும் தூரம் = அரை × முடுக்கம் × நேரத்தின் வர்க்கம். அதில் இருக்கும் அந்த அரை.

இயற்கணிதத்தில் வருவித்துக் காட்டினேன். தலையாட்டினாள், ஆனால் அவளுக்குப் பிடிபடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அதனால் அந்தச் சமன்பாடு பிறந்த இடத்துக்கே போகலாம் என்று முடிவு செய்தோம். கலீலியோ ஒரு மரச்சட்டத்தில் வெண்கலக் குண்டை உருட்டி அளந்ததை வீட்டில் அப்படியே செய்து பார்ப்பது. மூன்று வார இறுதிகள் ஆயின. அதில் பெரும்பகுதி இரண்டே இரண்டு இடங்களில் போனது. நீங்களும் அங்கேயே நேரத்தை விடக்கூடாது என்றுதான் இந்தப் பதிவு.

முதலில், ஏன் சாய்தளம்? அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே (கி.மு. 384–322) "கனமான பொருள் வேகமாக விழும்" என்பதுதான் பாடம். கி.பி. ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் தத்துவ அறிஞர் பிலோபொனஸ் இதை மறுத்து எழுதினார். 1586இல் நெதர்லாந்தில் சைமன் ஸ்டெவின், ஒன்றைப்போல் மற்றது பத்து மடங்கு கனமுள்ள இரண்டு ஈயக் குண்டுகளை 30 அடி உயரத்திலிருந்து ஒரு பலகைமேல் போட்டுப் பார்த்தார். இரண்டும் விழுந்த சத்தம் ஒன்றாகவே கேட்டதாக எழுதி வைத்திருக்கிறார். ஆக, அரிஸ்டாட்டில் சொன்னது தவறு என்று ஏற்கெனவே பலருக்குத் தெரியும். தெரியாதது ஒன்றுதான்: விழும் பொருளின் வேகம் எந்தக் கணக்கில் கூடுகிறது? நேராக விழுந்தால் ஒரு நொடியில் ஐந்து மீட்டர் போய்விடும். நொடிமுள்ளே இல்லாத காலத்தில் அதை யார் அளப்பது? சாய்தளத்தில் உருட்டினால் அதே விழுதல் மெதுவாக நடக்கும், கண்ணும் காதும் கூடவே வர முடியும். கலீலியோவின் மொத்த யோசனையும் இந்த ஒரு வரிதான். எனக்கு இயற்பியலிலேயே மிகப் பிடித்த யோசனையும் இதுதான்.

வாங்க வேண்டியவை

அலுமினியக் கடையில் அரை அங்குல யு சேனல், எட்டடி நீளம். பேரிங் கடையில் ஒரு அங்குல பால்ரஸ் குண்டு ஒன்று. ஏறக்குறைய 67 கிராம் எடை இருக்கும், கையில் வைத்தாலே கனம் தெரியும். தையல் நூல், செல்லோ டேப், டேப் அளவு, ஒரு மரஸ்கேல். போனில் ஏதாவது ஒரு மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும்) செயலி.

யு சேனலுக்குப் பதிலாக எல் ஆங்கிள் வாங்காதீர்கள். நான் முதலில் அதைத்தான் வாங்கினேன். ஆங்கிளின் பள்ளத்துக்குள் குண்டு முழுதாக இறங்கிவிடும். மேலே நூல் கட்டினால் அது குண்டின் நடுவயிற்றில் முட்டி நிறுத்திவிடும். யு சேனலில் வாய்ப்பக்கம் மேலே இருக்கும்படி வைத்தால், குண்டு உள்ளே விழாது. இரண்டு விளிம்புகள்மேல் தண்டவாளத்தில் போவதுபோலப் போகும். விளிம்பைச் சுற்றிக் கட்டிய நூலை லேசாக ஏறி இறங்கும், அப்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம்தான் நமக்கு வேண்டும்.

கண்ணாடிக் கோலிக்குண்டும் போதாது. முழு உருண்டையாக இருக்காது, அதோடு லேசானது என்பதால் ஒவ்வொரு நூலிலும் வேகம் குறையும்.

சரிவு வைத்தல் (என் முதல் வாரம் போன இடம்)

ஒரு முனையை மற்ற முனையைவிட 10 செ.மீ. உயர்த்துங்கள். அவ்வளவுதான் என்று நினைத்தேன். இரு முனைகளிலும் புத்தகம் வைத்துக் குண்டை விட்டேன். எண்கள் ஒன்றும் ஒத்துவரவில்லை. மேல்பாதியில் எதிர்பார்த்ததைவிட வேகம், கீழ்ப்பாதியில் சோம்பல். நாள் முழுக்க நூல்களை நகர்த்திக்கொண்டே இருந்தேன்.

சேனல் நடுவில் தொய்ந்திருந்தது. எட்டடி அலுமினியம் தன் எடையிலேயே வளையும், கண்ணுக்குத் தெரியாது. முனையிலிருந்து முனைக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்தபோதுதான் நடுவில் ஒரு சிறுவிரல் புகும் இடைவெளி தெரிந்தது. மொத்தச் சரிவே 10 செ.மீ. எனும்போது நடுவில் ஒரு செ.மீ. தொய்வு என்பது பெரிய விஷயம். மேல்பாதியின் சரிவு 6 செ.மீ., கீழ்ப்பாதியின் சரிவு 4 செ.மீ. என்று ஆகிவிடும்.

இரண்டடிக்கு ஒரு முட்டு கொடுங்கள். பழைய நோட்டுகளை அடுக்கி, கடைசி மில்லிமீட்டருக்குத் தாள்களை மடித்துச் செருகினேன். இழுத்த நூல் முழு நீளத்துக்கும் விளிம்போடு ஒட்டி இருக்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். கலீலியோ பயன்படுத்திய சட்டம் 12 முழ நீளம், அரை முழ அகலம், மூன்று விரற்கடை தடிமன் என்று அவரே எழுதியிருக்கிறார். ஒரு குண்டுக்கு எதற்கு இவ்வளவு பெரிய மரம் என்று முன்பு தோன்றியதுண்டு. தொய்வைப் பார்த்த பிறகு புரிந்தது.

தாளம்

மெட்ரோனோமை நிமிடத்துக்கு 100 என்று வையுங்கள். ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் 0.6 நொடி. இனி நொடி என்ற பேச்சே வேண்டாம், எல்லாம் தட்டுக் கணக்குதான்.

ஸ்டாப்வாட்ச் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கண்ணால் பார்த்துக் கட்டைவிரலால் அழுத்துவதில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு தாமதம். ஆனால் இரண்டு சத்தங்கள் ஒன்றாக விழுந்தனவா, முன்பின்னாக விழுந்தனவா என்பதைக் காது சட்டென்று சொல்லிவிடும். கச்சேரியில் தாளம் தப்பினால் சங்கீதம் படிக்காதவர்களுக்கும் உறுத்துகிறதே, அதே காதுதான்.

கலீலியோவும் இப்படிச் செய்திருக்கலாம் என்று வரலாற்றாய்வாளர் ஸ்டில்மன் டிரேக் 1970களில் வாதிட்டார். கலீலியோவின் தந்தை வின்சென்சோ, லூட் என்ற நரம்பிசைக் கருவி வாசித்தவர், இசைக் கோட்பாடு எழுதியவர். லூட்டின் கழுத்தில் சுற்றிக் கட்டிய நரம்புகளை நகர்த்திச் சுரம் சேர்ப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, சட்டத்தின் குறுக்கே நரம்பு கட்டி நகர்த்தத் தோன்றியிருக்கும் என்பது டிரேக்கின் ஊகம். கலீலியோ தன் புத்தகத்தில் இதைச் சொல்லவில்லை. ஆனால் செய்து பார்த்தால் எவ்வளவு நன்றாக வருகிறது என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

நூல் கட்டுதல்

சேனலைச் சுற்றி ஆறு நூல்களை இறுக்கிக் கட்டுங்கள். முதலில் சம இடைவெளியில், 30 செ.மீ.க்கு ஒன்றாக. குண்டை விடுங்கள். டக்... டக்.. டக். டக்டக் என்று சத்தம் நெருங்கிக்கொண்டே போகும். இதைப் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகக் கேட்க வையுங்கள். முடுக்கம் என்பதைக் காதால் கேட்பது வேறு அனுபவம்.

இப்போது ஒவ்வொரு 'டக்'கும் ஒரு தட்டோடு சேரும்படி நூல்களை நகர்த்த வேண்டும். சத்தம் தட்டுக்கு முன்னால் வந்தால் நூலைக் கீழே தள்ளுங்கள், பின்னால் வந்தால் மேலே. மேலேயுள்ள நூல்களில் மில்லிமீட்டர் கணக்குப் பாருங்கள். கடைசி நூலில் குண்டு நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வரும். அங்கே இரண்டு செ.மீ. தள்ளியிருந்தாலும் காதுக்குத் தெரியாது. அதனால் கடைசி நூலோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

குண்டை விடுதல் (இரண்டாம் வாரம் போன இடம்)

இதை நிதானமாகப் படியுங்கள். விரலால் பிடித்து விட்டால் விரலே குண்டைத் தள்ளும், அல்லது இழுக்கும். மரஸ்கேலைக் குண்டுக்கு முன்னால் குறுக்கே பிடித்து, ஒரு தட்டு விழும் அதே கணத்தில் சரிவின் போக்கிலேயே விலக்குங்கள். மேல்நோக்கித் தூக்காதீர்கள், குண்டு ஸ்கேலோடு உரசும். "மூணு, ரெண்டு, ஒண்ணு, விடு" என்று தட்டோடு சேர்ந்து சொல்லிப் பழகுங்கள். இருபது முறை வெறுமனே பழகிய பிறகுதான் என் கை பதிந்தது.

அதற்கு முன்னால் எனக்குக் கிடைத்த எண்கள் 3.5, 17, 40 செ.மீ. அதாவது முதல் தூரத்தைப்போல் இரண்டாவது ஏறத்தாழ ஐந்து மடங்கு. நான்கு மடங்கு அல்லவா வர வேண்டும்? சரிவு தப்பு என்று நினைத்து மறுபடி முட்டுகளைக் கலைத்தேன். சரிவு சரியாகவே இருந்தது. நான் ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு நொடி தாமதமாக விட்டிருக்கிறேன்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அடுத்தடுத்த தூரங்களின் வித்தியாசத்தை எடுங்கள். அந்த வித்தியாசம் தட்டுக்குத் தட்டு ஒரே அளவு கூடிக்கொண்டு போனால் உங்கள் சரிவு நல்ல சரிவு, தவறு கையில். கூடும் அளவே ஏறி இறங்கினால் சேனல் தொய்ந்திருக்கிறது. இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் எனக்கு ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

இன்னொன்று: தூரத்தை ஸ்கேல் இருந்த இடத்திலிருந்து அளக்கக்கூடாது. குண்டு சேனலைத் தொடும் இடம் அதற்கு 1.27 செ.மீ. பின்னால், குண்டின் ஆரம் அளவுக்கு, இருக்கிறது. அங்கே பேனாவால் கோடு போட்டு அதிலிருந்து அளங்கள்.

எண்கள்

எங்களுக்கு வந்தவை: 5.3, 20.4, 45.2, 80.5, 124, 181 செ.மீ.

ஐந்தால் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 1, 4, 9, 16, 25, 36. ஒரு தட்டில் ஒரு பங்கு, இரண்டில் நான்கு, மூன்றில் ஒன்பது. தூரம் நேரத்தின் வர்க்கத்தைப் பின்தொடர்கிறது.

கலீலியோ பாதுவா பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்துத் தாள் ஒன்று ஃபுளோரன்ஸில் இருக்கிறது, அவருடைய கையெழுத்துப்படிகளில் 107ஆம் தாளின் பின்பக்கம். அதில் இருக்கும் தூரங்கள்: 33, 130, 298, 526, 824, 1192, 1620, 2104. பக்கத்திலேயே 1, 4, 9 என்று 64 வரை எழுதியிருக்கிறார். 33ஐ அந்த எண்களால் பெருக்கினால் 33, 132, 297, 528, 825, 1188, 1617, 2112. எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது பாருங்கள். அதே சமயம் அச்சு அசலாக இல்லை. கணக்கிலிருந்து எழுதியவர் 130 என்று எழுதமாட்டார், 132 என்றுதான் எழுதுவார். அது ஒரு மனிதர் அளந்து எடுத்த எண். என் 20.4ஐயும் அவருடைய 130ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி மகளின் கேள்வி. ஒவ்வொரு தட்டுக்குள்ளும் குண்டு எவ்வளவு போனது? 5, 15, 25, 35, 45, 55. (சுத்தமான எண்களாக எழுதியிருக்கிறேன், எங்கள் அளவில் 5.3, 15.1, 24.8 என்று போகும்.) ஒவ்வொரு தட்டுக்கும் 10 கூடுகிறது. அந்த 10தான் முடுக்கம். ஆனால் முதல் தட்டில் மட்டும் 5தானே போயிருக்கிறது? ஏனென்றால் முதல் தட்டு தொடங்கும்போது வேகம் சுழி, முடியும்போது 10. இடைப்பட்ட நேரம் முழுக்கச் சராசரியாக 5 வேகத்தில் போயிருக்கிறது. பத்தில் பாதி. "அந்தப் பாதிதானா அப்பா?" என்றாள். அந்தப் பாதிதான்.

இதை முதலில் சொன்னது கலீலியோ அல்ல. 14ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரி அறிஞர்கள் இந்தச் சராசரி வேகக் கணக்கைத் தந்துவிட்டார்கள், பிரான்சில் நிக்கோல் ஒரேம் அதை முக்கோணப் படமாகவே வரைந்தும் காட்டினார். ஆனால் அவர்கள் யாரும் குண்டை உருட்டிப் பார்க்கவில்லை. கலீலியோவுக்கும் எல்லாம் ஒரே நாளில் தெளிந்துவிடவில்லை. 1604 அக்டோபரில் நண்பர் பாவ்லோ சார்ப்பிக்கு எழுதிய கடிதத்தில் வர்க்க விதியைச் சரியாகச் சொல்கிறார், ஆனால் காரணத்தைத் தவறாகச் சொல்கிறார்: வேகம் கடந்த தூரத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்கிறார். நேரத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்று பிற்பாடு திருத்திக்கொண்டார். எல்லாம் அச்சில் வந்தது 1638இல், லெய்டன் நகரில், அவர் பார்வை இழந்து வீட்டுக்காவலில் இருந்தபோது.

தண்ணீர்க் கடிகாரம்

அந்த 1638 புத்தகத்தில் அவர் சொல்லும் முறை வேறு. பெரிய பாத்திரத்தில் தண்ணீர், அடியில் மெல்லிய குழாய், குண்டு உருளும் நேரம் மட்டும் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் பிடித்து எடை போடுவது. எடைதான் நேரம். வாய் அகன்ற வாளியையும் மீன்தொட்டிக் குழாயையும் வைத்துச் செய்தோம். வாய் குறுகிய பாத்திரம் என்றால் நீர்மட்டம் இறங்கி ஓட்டம் குறைந்துவிடும். 180 செ.மீ. தூரத்துக்குச் சராசரி 73 கிராம், அதில் கால்பங்கான 45 செ.மீ.க்கு 37 கிராம். கால் தூரம், பாதி நேரம். சமையலறைத் தராசு போதும். குழாய் வாயை விரலால் திறப்பவரும் குண்டை விடுபவரும் ஒரே ஆளாக இருந்தால் நல்லது.

அலெக்சாந்தர் கொய்ரே என்ற வரலாற்றாய்வாளர் இவ்வளவு எளிய கருவிகளில் இந்த நுட்பம் வரவே வராது என்று கருதினார். 1961இல் தாமஸ் செட்டில் அதே முறையில் செய்து பார்த்து, வரும் என்று காட்டினார்.

பின்சேர்க்கை: பதிவைப் படித்துச் செய்து பார்த்த ஒருவர், முடுக்கத்தைச் சரிவால் (உயரம் ÷ நீளம்) வகுத்தால் ஈர்ப்பு முடுக்கமான 9.8 வரவில்லை, 6.6தான் வருகிறது, எங்கே தவறு என்று கேட்டிருந்தார். தவறே இல்லை, மிக நன்றாக அளந்திருக்கிறீர்கள். குண்டு வழுக்கிக்கொண்டு போகவில்லை, உருண்டுகொண்டு போகிறது. ஈர்ப்பு தரும் ஆற்றலில் ஒரு பகுதி சுழற்சிக்குப் போய்விடும். தட்டையான சாய்பலகையில் உருளும் திடக் குண்டுக்கு ஏழில் ஐந்து பங்குதான் மிஞ்சும், அதாவது 7.0. நம் குண்டு இரண்டு விளிம்புகள்மேல் போவதால் அதைவிடச் சற்றுக் குறையும். 12 ஆம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் நிலைமத் திருப்புத்திறனை வைத்து இந்த 6.6ஐ வருவிக்கச் சொல்லுங்கள். குண்டின் ஆரம் 12.7 மி.மீ., விளிம்புகளின் இடைவெளி 10 மி.மீ. கலீலியோவிடம் இந்தக் கணக்கு இல்லை. ஆனால் உருளும்போது குறைவது எல்லாத் தூரத்திலும் ஒரே விகிதத்தில் குறைவதால், 1, 4, 9 மட்டும் கலையவில்லை. முட்டுகளை இரட்டிப்பாக்கி 20 செ.மீ. உயர்த்தி, மெட்ரோனோமை 141க்கு மாற்றி விட்டுப் பாருங்கள். நூல்களை நகர்த்தவே வேண்டியிருக்காது.