பழைய ஸ்டூடியோ மிக்சருக்கு சர்க்யூட் வரைபடம் தேடும் முறை

கேசட் காலத்தில் கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி போன்ற ஊர்களில் பக்திப் பாடல்களையும் நாகஸ்வரக் கச்சேரிகளையும் பதிவு செய்த சிறிய ஒலிப்பதிவுக் கூடங்கள் பலவும் மூடப்பட்டுவிட்டன. பல மைக்குகளின் ஒலியைக் கலக்க அங்கிருந்த அனலாக் மிக்சர்கள் பரண்களிலும் மைக் செட் கடைகளின் பின்கட்டிலும் இன்னும் கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பழுதுபார்த்து மீட்கக்கூடியவை என்பது என் உறுதியான கருத்து. உள்ளே இருக்கும் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், டிரான்சிஸ்டர், ஐசி ஆகியவற்றுள் பெரும்பகுதி இன்றும் சந்தையில் கிடைக்கின்றன. கிடைக்காதது சர்க்யூட் வரைபடம் ஒன்றுதான். அது இல்லாமல் குத்துமதிப்பாகப் பற்றவைப்புக் கோலை எடுத்தால் நல்ல போர்டும் கெடும். ஆகவே வேலையைத் தொடங்குவதற்கு முன் வரைபடத்தைத் தேடுவதற்குச் சில வாரங்களை ஒதுக்குவதே முறை.

தேடுபவர்கள் பெரும்பாலும் முகப்பில் எழுதியிருக்கும் பெயரையும் மாடல் எண்ணையும் வைத்தே தொடங்குகிறார்கள். அது போதாது. டெல்டாவில் நிலம் வாங்குபவர் உரிமையாளரின் பெயரை மட்டும் நம்பாமல் சர்வே எண்ணையும் உட்பிரிவையும் கேட்பதைப் போல, மிக்சரிலும் உள்ளேயுள்ள போர்டின் எண்ணையும் அதன் பதிப்பு எண்ணையும்தான் கேட்க வேண்டும். இங்கிலாந்தின் எஸ்எஸ்எல் நிறுவனத்தின் 4000 இ வரிசை இதற்குத் தெளிவான சான்று. அதன் சேனல்களில் (ஒவ்வொரு மைக்குக்கும் உரிய பகுதிகளில்) பழுப்புக் குமிழ் கொண்ட ஈக்யூ (தொனியைத் திருத்தும்) கார்டும் உண்டு, 82இ242 என்ற கறுப்புக் குமிழ் கார்டும் உண்டு. முகப்பில் பெயர் ஒன்றாகவே இருந்தாலும் ஒன்றின் வரைபடம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. இதன் மறுபக்கமும் பயன் தருவதுதான். நீவ் நிறுவனத்தின் பிஏ283 என்ற கார்டு 1073 மாட்யூலிலும் (மிக்சரில் கழற்றி மாட்டும் பகுதி) இருக்கிறது, 1272 லைன் ஆம்ப்ளிஃபயரிலும் இருக்கிறது. உங்கள் மாட்யூலின் பெயரில் எதுவும் கிடைக்காதபோது, கார்டின் பெயரில் தேடினால் வேறொரு மாட்யூலின் ஆவணத்தில் அதே சர்க்யூட் அகப்படும்.

எண்ணைப் படிக்க மிக்சரைத் திறந்தாக வேண்டும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பவர் சப்ளையிலுள்ள பெரிய கெப்பாசிட்டர்களில் மின்னழுத்தம் வடிந்துவிட்டதை மல்டிமீட்டரால் உறுதி செய்துகொண்ட பிறகே கையை உள்ளே விட வேண்டும். முதலில் ஒரேயொரு சேனல் மாட்யூலை மட்டும் வெளியே எடுங்கள். 24 சேனல் மிக்சராக இருந்தாலும் சேனல்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி அமைந்தவை. ஆகவே சேனல், குரூப் (சில சேனல்களைச் சேர்ப்பது), மாஸ்டர் (இறுதி வெளியீடு), பவர் சப்ளை என நான்கைந்து வரைபடங்கள் கிடைத்தாலே முழு மிக்சரும் கைக்குள் வந்துவிடும். நம் பகுதியில் எண்கள் எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி போன்ற கடலோர ஊர்களில் இருந்து வரும் போர்டுகளில் உப்புக் காற்று பட்டுச் செம்பு பச்சை பூத்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் ஓரங்களை மெதுவாகத் துடைத்து, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், செம்பிலேயே பொறித்த எழுத்துகள் நிழல் விழுந்து தெளிவாகும். எண்ணை அடுத்து ‘இஷ்யூ’ அல்லது ‘ரெவ்’ என்று வருவது பதிப்பைக் குறிக்கும். அதை விட்டுவிடாமல் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஐசிகளின் முதுகில் உள்ள நான்கு இலக்கத் தேதிக் குறியீடும் உதவும். 8132 என்றிருந்தால் அந்த ஐசி 1981ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் தயாரானது. பத்துப் பதினைந்து ஐசிகளைப் பார்த்து, பெரும்பாலானவை எந்த ஆண்டைச் சுற்றி அமைகின்றன என்று கணக்கிட்டால் மிக்சரின் வயது தெரியும். அவற்றிலிருந்து வெகுவாக விலகி நிற்கும் ஓர் ஐசி, பிற்காலத்தில் யாரோ பழுதுபார்த்து மாற்றியதாக இருக்கலாம்.

இவ்வளவும் கையில் இருந்தால் தேடல் குறிவைத்த தேடலாகும். அடுத்து அறிய வேண்டியது, தயாரித்த நிறுவனம் யார் யார் கைக்கு மாறியது என்பது; ஏனெனில் ஆவணங்களும் கூடவே கைமாறியிருக்க வாய்ப்புண்டு. அமெரிக்காவின் எம்சிஐ நிறுவனத்தை 1982இல் சோனி வாங்கியதால், எம்சிஐ மிக்சரின் தாள்களைச் சோனியின் பெயரிலும் தேட வேண்டும். நீவ் நிறுவனம் 1985இல் சீமென்ஸ் வசம் சென்று, 1992இல் ஏஎம்எஸ் என்ற நிறுவனத்துடன் இணைந்து ஏஎம்எஸ் நீவ் ஆனது. 1973இல் தொடங்கிய சவுண்ட்கிராஃப்ட் 1988இல் ஹார்மன் குழுமத்திலும், அக்குழுமம் 2017இல் சாம்சங்கிடமும் சேர்ந்தது. இன்றைய உரிமையாளரின் சேவைப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதும்போது ‘பழைய மிக்சர் வரைபடம் வேண்டும்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். சீரியல் எண், போர்டு எண், பதிப்பு, போர்டின் இருபுறத் தெளிவான படங்கள் ஆகியவற்றை இணைத்து, எந்தத் தாள் வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேட்டால்தான் அங்குள்ளவர் அலமாரியைத் திறந்து பார்ப்பார்.

சில நிறுவனங்களின் ஆவணங்கள் மிக நேர்த்தியானவை. சுவிட்சர்லாந்தின் ஸ்டூடர் வெளியிட்ட சர்வீஸ் மேனுவல்களில் வரைபடத்துடன் போர்டில் பாகங்கள் அமைந்த இடமும் பாகப் பட்டியலும் இருக்கும். டாஸ்காம் எம்-30 போன்ற சிறு மிக்சர்களுக்கு உபயோகிப்பாளர் கையேட்டிலேயே சர்க்யூட் அச்சாகியிருந்தது. ஆகவே சர்வீஸ் மேனுவல் கிடைக்கவில்லை என்று கைவிடுவதற்கு முன் சாதாரணக் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். இணையத்தில் இன்டர்நெட் ஆர்க்கைவில் ஸ்கேன் செய்த கையேடுகள் ஏராளம். அதன் வேபேக் மெஷின் மூலம், மூடப்பட்ட நிறுவனங்களின் பழைய இணையப் பக்கங்களில் தரவிறக்கத்துக்கு வைத்திருந்த கோப்புகளும் சில வேளை எட்டும். வேர்ல்டு ரேடியோ ஹிஸ்டரி தளத்தில் ‘ஸ்டூடியோ சவுண்ட்’ போன்ற பழைய ஒலிப்பதிவு இதழ்களின் வரிசை இருக்கிறது. உங்கள் மாடலைப் பற்றிய மதிப்புரையிலோ விளம்பரத்திலோ, எந்த ஆண்டு எந்த மாற்றத்துடன் வெளிவந்தது என்ற தகவல் கிடைக்கலாம். தேடும் சொல்லையும் மாற்றிப் பாருங்கள்: பிரிட்டன் தயாரிப்புக்கு ‘சர்க்யூட் டயகிராம்’, ‘டெக்னிக்கல் ஹேண்ட்புக்’, அமெரிக்கத் தயாரிப்புக்கு ‘ஸ்கீமேட்டிக்’.

இணையத்துக்கு வெளியே மனிதர்கள் இருக்கிறார்கள். திருச்சி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு மே 16 அன்று தொடங்கியது. அத்தகைய நிலையங்களில் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளர்களும், பழைய ஒலிப்பதிவுக் கூடங்களின் உரிமையாளர்களும், தலைமுறையாக மைக் செட் தொழில் நடத்துபவர்களும் தாங்கள் வைத்திருக்கும் தாள்களின் மதிப்பை அறிந்தவர்கள். நேரில் சென்று, “ஐயா, இந்த போர்டின் சர்க்யூட் உங்களிடம் இருக்குமா? உங்கள் கண்ணெதிரிலேயே நகல் எடுத்துக்கொள்கிறேன்” என்று கேளுங்கள், மூலத்தைக் கடனாகக் கேட்க வேண்டாம். அலுவலகத்துக்குச் சொந்தமான ஆவணத்தைக் கேட்டு அவர்களைச் சங்கடத்தில் ஆழ்த்தவும் கூடாது. அவர்கள் காட்டுவது நீளமான அமோனியா பிரின்ட்டாக (பழைய முறையில் எடுத்த வரைபட நகலாக) இருந்தால் வெயிலில் விரிக்காதீர்கள், அந்த மை ஒளியில் வெளிறும். கட்டட வரைபடங்களை நகலெடுக்கும் கடைகளில் பெரிய ஸ்கேனர் இருக்கும். 400 டிபிஐ அளவிலாவது எடுத்தால்தான் பாகங்களின் சிறு எழுத்துகள் பிழையின்றித் தெரியும்.

வரைபடம் கிடைத்துவிட்டது என்பதாலேயே அது உங்கள் மிக்சருடையது ஆகிவிடாது. சரிபார்க்க எளிய இடம் ஐசிகள் மின்சாரம் பெறும் முனைகள். டிஎல்072, 5532 போன்ற இரட்டை ஆப்-ஆம்ப்களில் (ஒலிக்குறிப்பைப் பெருக்கும் ஐசிகளில்) 8ஆம் பின் (கால்) பிளஸ், 4ஆம் பின் மைனஸ். ஒற்றையான 5534இல் 7 பிளஸ், 4 மைனஸ். நான்கு கொண்ட டிஎல்074இல் 4ஆம் பின்னே பிளஸ், 11 மைனஸ். பவர் சப்ளையிலிருந்து வரும் கம்பிகள் இந்த பின்களுக்குப் போகும் பாதையை, மின்சாரம் இல்லாத நிலையில், மல்டிமீட்டரின் பீப் ஒலியால் தொடர்ந்து பார்த்து, வரைபடத்தில் கனெக்டரின் எந்த முனையில் எந்த மின்னழுத்தம் குறித்திருக்கிறதோ அதனுடன் ஒப்பிடுங்கள். நீவ் 1073 ஒற்றை 24 வோல்ட்டில் இயங்குவது. அதன் கார்டுக்கு பிளஸ் மைனஸ் 15 வோல்ட் காட்டும் தாளை யாரேனும் தந்தால் அது வேறொன்றின் தாள். பிறகு மைக் உள்ளீட்டிலிருந்து ஃபேடர் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் சறுக்குக் குமிழ்) வரை ரெசிஸ்டர்களின் நிறப்பட்டைகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, மாறுபடும் மதிப்புகளை நகலில் சிவப்பில் குறியுங்கள்.

எங்கும் கிடைக்காவிட்டால் நீங்களே வரைந்துகொள்ளலாம். ஒரு சேனலுக்கு மட்டும் என்பதால் இது மலைக்க வேண்டிய வேலை இல்லை. போர்டின் இருபுறத்தையும் நேராகப் படமெடுத்து, பற்றவைப்புப் பக்கத்தின் படத்தை இடவலமாகத் திருப்பி, கிம்ப் மென்பொருளில் பாதி ஒளிபுகும் அடுக்காக மற்றதன்மேல் வையுங்கள்; எந்தத் தடம் எந்தப் பாகத்தின் காலுக்குச் செல்கிறது என்பது தெரியும். முதலில் பிளஸ், மைனஸ், கிரவுண்ட் தடங்களை வெவ்வேறு நிறத்தில் தீட்டி ஒதுக்கிவிட்டால் மீதமிருப்பது ஒலி செல்லும் பாதைதான். போர்டில் இருக்கும்போதே ரெசிஸ்டரை அளந்தால் இணையாக உள்ள பிற பாதைகளால் மதிப்பு குறைவாகக் காட்டக்கூடும். ஐயம் வந்தால் ஒரு காலைக் கழற்றி அளக்க வேண்டும். ஐசி இருந்தால் அதன் டேட்டா ஷீட்டிலுள்ள மாதிரி சர்க்யூட்டுகளுடன் ஒப்பிடுங்கள். மிக்சர் வடிவமைப்பாளர்கள் பலரும் அவற்றிலிருந்தே தொடங்கியிருப்பதால், பாதி சர்க்யூட் அங்கேயே அடையாளம் தெரியும். வரைவதற்குக் கைகேட் என்ற இலவச மென்பொருள் போதும்.

முடித்த தாளில் போர்டு எண், பதிப்பு, தேதி, எந்த மிக்சரைப் பார்த்து வரைந்தது அல்லது சரிபார்த்தது என்ற விவரங்களை எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பகுதியில் காகிதம் ஈரம் கோத்துக்கொள்ளும் என்பதால், லேமினேட் செய்த ஒரு படியை மிக்சரின் அடித்தட்டுக்குள் ஒட்டி வைத்து, இன்னொரு படியை உங்களுக்கு மூலத்தைக் காட்டியவரிடமே கொடுத்துவிடுங்கள்.