இதயச் செல்லின் கால்சியக் கால்வாய்: படிக்கும்போதும் அளக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கால்வாய் அதிகம் திறந்தால் துடிப்பு வலுக்கும்." விடைத்தாள்களிலும் கருத்தரங்குகளிலும் அடிக்கடி தென்படும் வாக்கியம் இது. கால்வாய் என்று இங்கே சொல்வது, செல்லுக்குள்ளிருக்கும் சேமிப்பிலிருந்து கால்சியத்தை வெளியே விடும் ரையனோடின் ஏற்பியை. அந்த வாக்கியம் கேட்பதற்கு நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் இதிலிருந்துதான் பாதிப் பிழைகள் கிளைக்கின்றன.

முதலில் அடிப்படை. ஓய்விலிருக்கும் இதயத் தசைச் செல்லின் சைட்டோபிளாசத்தில் கட்டற்ற கால்சியம் சுமார் 0.1 மைக்ரோமோலார்தான். அதே செல்லுக்குள் கால்சியத்தைச் சேமித்துவைக்கும் சார்கோபிளாச வலையில் அது 1 மில்லிமோலாரை ஒட்டியிருக்கும், அதாவது 10,000 மடங்கு. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது ரையனோடின் ஏற்பியின் இரண்டாம் வகை. ஏறக்குறைய 5,000 அமினோ அமிலங்கள் கொண்ட துணை அலகுகள் நான்கு சேர்ந்து உருவான பெரும் புரதம் அது. மின்தூண்டல் வந்ததும் செல்லின் மேற்படலத்திலுள்ள எல்-வகைக் கால்வாய் வழியாக வெளியிலிருந்து சிறிது கால்சியம் நுழைகிறது. அது பட்டவுடன் ஏற்பி திறந்து, வலையிலுள்ள சேமிப்பை வெளியே விடுகிறது.

இனி அந்த முதல் வாக்கியத்துக்கு வருவோம். தனியாகப் பிரித்தெடுத்த வென்ட்ரிக்கிள் (இதயத்தின் கீழறை) செல் ஒன்றில் ஒளிரும் கால்சியச் சாயத்தை ஏற்றி, மின்தூண்டல் கொடுத்துச் சீராகத் துடிக்கவிடுகிறார்கள். பிறகு 0.5 மில்லிமோலார் அளவில் காஃபீன் சேர்க்கிறார்கள். காஃபீன் பட்ட ஏற்பி எளிதில் திறக்கும். எதிர்பார்த்தபடியே அடுத்த துடிப்பில் கால்சியத்தின் எழுச்சி ஓங்கி நிற்கிறது. அதற்கடுத்ததில் சற்றுக் குறைகிறது. சில துடிப்புகளுக்குள் பழைய உயரத்துக்கே வந்துவிடுகிறது, காஃபீன் இன்னும் அங்கேதான் இருக்கிறது என்றாலும். காஃபீனைக் கழுவி நீக்கினால் எல்லாம் தலைகீழ்: எழுச்சி சட்டென்று தாழ்ந்து, பிறகு மெல்ல ஏறிப் பழைய நிலையை எட்டுகிறது.

காரணம் சேமிப்பில் இருக்கிறது. அதிகக் கால்சியம் வெளியே வந்தால், செல்லின் மேற்படலத்திலுள்ள சோடியம்-கால்சியப் பரிமாற்றி அதில் கூடுதல் பங்கைச் செல்லுக்கு வெளியே தள்ளிவிடும். வலைக்குத் திரும்புவது குறையும். ஏரியின் மதகை அகலத் திறந்தால் முதலில் வாய்க்கால் நிரம்பி ஓடும். ஏரிக்கு வரத்து கூடாதவரை மட்டம் இறங்கி, பாயும் நீரும் பழைய அளவுக்கே வந்து நிற்கும். ஆகவே துடிப்பு வலுத்து நீடிக்க வேண்டுமானால் கால்வாயை மட்டும் தூண்டிப் பயனில்லை. உள்ளே நுழையும் கால்சியம் கூட வேண்டும், அல்லது வலைக்குள் அதை ஏற்றும் செர்கா பம்பு வேகமெடுக்க வேண்டும். அட்ரினலின் இந்த இரண்டையும் செய்கிறது. எல்-வகைக் கால்வாயை வலுப்படுத்துகிறது. செர்காவை அடக்கிவைக்கும் பாஸ்போலாம்பான் புரதத்தின் பிடியையும் தளர்த்துகிறது. அட்ரினலின் தரும் வேகத்தை ரையனோடின் ஏற்பியின் கணக்கில் மட்டும் எழுதுவோர் இந்த இரண்டையும் விட்டுவிடுகிறார்கள்.

ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு நடைமுறை விஷயம்: ஏதோ ஒரு மருந்து ஏற்பியின் போக்கை மாற்றுகிறது என்று எழுதுமுன் வலையிலுள்ள இருப்பை அளந்துவிடுங்கள். 10 மில்லிமோலார் காஃபீனைச் சட்டென்று பாய்ச்சி வலையைக் காலிசெய்து, அப்போது பரிமாற்றி உண்டாக்கும் மின்னோட்டத்தைத் தொகுத்தால் இருப்பு தெரிந்துவிடும். இருப்பைப் பார்க்காமல் கசிவு (தூண்டல் இல்லாதபோதும் ஏற்பி வழியே கால்சியம் ஒழுகுவது) கூடியது, குறைந்தது என்று சொல்வதற்குப் பொருளே இல்லை. இருப்பு அதிகமாக இருந்தாலே கசிவும் அதிகமாக இருக்கும்.

காஃபீன் பேச்சு வந்ததால் இடையில் ஒன்று. ஒரு கோப்பை காபி குடித்தால் இந்தக் கால்வாய் திறந்துகொள்ளும் என்று நினைக்க வேண்டாம். காபி குடிப்பவரின் இரத்தத்தில் காஃபீன் மைக்ரோமோலார் அளவில்தான் இருக்கும். மேலே சொன்ன சோதனைகள் மில்லிமோலார் அளவில் நடப்பவை.

தானாக மூடிக்கொள்ளுமா?

கால்சியம் பட்டால் திறக்கும், திறந்தால் இன்னும் கால்சியம் வரும், அது இன்னும் திறக்கவைக்கும் என்றால் ஒரு சிறு தூண்டுதலே முழுச் சேமிப்பையும் காலிசெய்துவிட வேண்டும். அப்படி நடப்பதில்லை. உள்ளே வரும் கால்சியத்துக்கு ஏற்றபடிதான் வெளியீடும் அமைகிறது. 1992இல் ஆய்வாளர் மைக்கேல் ஸ்டெர்ன் இதற்கு ஒரு விளக்கத்தை முன்வைத்தார்: கட்டுப்பாடு செல் முழுவதற்கும் பொதுவானதல்ல, அந்தந்த இடத்துக்குரியது. ஏற்பிகள் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. ஒவ்வொரு கொத்துக்கும் எல்-வகைக் கால்வாய்க்கும் இடையே 15 நானோமீட்டர் அளவிலான இடுக்குதான். ஒரு கொத்தின் கால்சியம் அடுத்த கொத்தை எட்டுமுன் பரவிக் கரைந்துவிடும். 1993இல் கால்சியப் பொறிகள், அதாவது ஒரு சிறு இடத்தில் மட்டும் கணநேரம் தோன்றி மறையும் கால்சிய வெளியீடுகள், நுண்ணோக்கியில் பதிவானபோது இந்தக் கருத்துக்கு வலுக் கூடியது.

திறந்த கொத்து எப்படி மூடுகிறது? இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். செயற்கைக் கொழுப்புப் படலத்தில் பதித்த ஒற்றை ஏற்பியில் கால்சியத்தைக் கூட்டிக்கொண்டே போனால் திறப்பு ஏறிப் பிறகு இறங்கும். அந்த வரைபடத்தைக் காட்டி, "மிகுந்த கால்சியமே ஏற்பியை மூடுகிறது" என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் இதய வகை ஏற்பி அப்படி அடங்க மில்லிமோலார் அளவிலான கால்சியம் தேவை. துடிக்கும் செல்லின் இடுக்கில் அந்த அளவு எதிர்பார்க்கக்கூடியதல்ல. பெரும்பங்கு வேலையைச் செய்வது, கொத்துக்கு அருகிலுள்ள வலைப்பகுதியின் இருப்பு சரிவது. இருப்பு சரிய, ஏற்பி வழியே பாயும் கால்சிய மின்னோட்டம் சுருங்கும். சுருங்கிய மின்னோட்டத்தால் பக்கத்து ஏற்பிகளைத் திறந்து வைத்திருக்க முடியாது.

கொழுப்புப் படலச் சோதனைகளைப் படிக்கும்போது கரைசலில் என்ன இருந்தது என்று பாருங்கள். செல்லுக்குள் கட்டற்ற மெக்னீசியம் சுமார் 1 மில்லிமோலார் இருக்கிறது. அது ஏற்பியைத் தடுக்கும். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. தூண்டும். இரண்டும் இல்லாத கரைசலில் கிடைத்த எண்ணை அப்படியே இதயத்துக்குப் பொருத்தக் கூடாது. ஏற்பிக்குப் பெயர் தந்த தாவரப் பொருளான ரையனோடினைப் பயன்படுத்துவோரும் அளவைக் கவனிக்க வேண்டும். குறைந்த செறிவில் அது கால்வாயைப் பாதி திறந்த நிலையில் பூட்டிவைக்கும். 100 மைக்ரோமோலாருக்கு மேல் போனால் மூடிவிடும். "ரையனோடின் தடுப்பான்" என்று ஒற்றை வார்த்தையில் எழுதினால் பாதிதான் சரி.

எலும்புத் தசையில் கண்டதை இதயத்துக்குக் கொண்டுவருவது பழைய பிழை. அங்கே முதல் வகை ஏற்பி. மேற்படலக் கால்வாய் அதை நேரடியாகத் தொட்டுத் திறக்கிறது, வெளிக் கால்சியம் நுழையத் தேவையில்லை. கால்சியத்தை உணரும் புரதமான கால்மோடுலினின் வேலையும் வேறுபடுகிறது. கால்சியம் பிணையாத கால்மோடுலின் முதல் வகையைத் தூண்டும், இதய வகையை அடக்கும். எலியின் எண்களும் எச்சரிக்கைக்குரியவை. எலியின் வென்ட்ரிக்கிளில் ஒவ்வொரு துடிப்பிலும் 90 சதவீதத்துக்கு மேல் கால்சியத்தை செர்காவே திரும்ப எடுக்கிறது. முயலில் அது சுமார் 70 சதவீதம். மனித இதயம் முயலை ஒத்தது.

பாஸ்பேட் ஏறினால்

இவ்வளவு சூடாக விவாதிக்கப்பட்ட பகுதி இந்தத் துறையில் வேறில்லை. 2000இல் ஒரு கருத்து வந்தது: இதயச் செயலிழப்பில் பி.கே.ஏ. நொதி ஏற்பியின் 2808ஆம் இடத்திலுள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் அளவுக்கு மீறிப் பாஸ்பேட் ஏற்றுகிறது, அதனால் ஏற்பியோடு ஒட்டியிருக்கும் எஃப்.கே.பி.பி.12.6 புரதம் கழன்றுகொள்கிறது, கால்வாய் கசிகிறது. கேட்க அழகான கதை. பாடநூல்களும் விரைந்து ஏற்றுக்கொண்டன. பின்னர் அதே செரினை மாற்றிய எலிகளில் சில ஆய்வகங்கள் பாதுகாப்பைக் கண்டன. வேறு சில எந்த மாற்றத்தையும் காணவில்லை. இதை முடிந்த வழக்காக எழுதாதீர்கள். 2814ஆம் இடத்தில் பாஸ்பேட் ஏற்றும் இன்னொரு நொதியான கேம்கைனேஸ்-2 செய்யும் மாற்றம் கசிவைக் கூட்டுகிறது என்பதற்கு ஆதரவு அதிகம். இட எண்களிலும் கவனம் வேண்டும். மனித ஏற்பியின் 2808தான் முயலில் 2809. பாஸ்பேட்டை நீக்கும் நொதிகளும் இதே ஏற்பியோடுதான் கட்டுண்டு இருக்கின்றன. ஏற்றும் பக்கத்தை மட்டும் அளந்தால் கணக்கு நேராகாது.

மருத்துவப் பக்கத்தில் ஒரு பிழை உயிருக்கே ஆபத்தாகலாம். ஏற்பியின் மரபணுவில் மாற்றம் இருப்போருக்கு உடற்பயிற்சியிலோ பதற்றத்திலோ வரும் ஒரு தாறுமாறான வென்ட்ரிக்கிள் துடிப்பு நோய் உண்டு. அந்த மரபணுத் தொடர்பு 2001இல் வெளிவந்தது. வலைக்குள் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் கால்செக்வெஸ்ட்ரினில் மாற்றம் இருந்தாலும் அதே நோய் வரும். ஓய்வில் எடுத்த இ.சி.ஜி. பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அதைப் பார்த்து மட்டும் இதயம் நலம் என்று அனுப்பிவிடக் கூடாது. உடற்பயிற்சிச் சோதனையில்தான் நோய் தலைகாட்டும். அந்தச் சோதனையையும் எல்லா மாற்றங்களுக்கும் பொதுவாக நம்ப முடியாது. ஏற்பியைக் கசியவைப்பதற்குப் பதிலாகத் திறக்கவிடாமல் மந்தமாக்கும் மரபணு மாற்றங்களும் உண்டு. அவையும் திடீர் மரணத்துக்கு இட்டுச்செல்லக்கூடும், ஆனால் அவற்றைச் சுமப்பவர் ஓடுபொறியில் ஏறி ஓடினாலும் பெரும்பாலும் எதுவும் தெரியாது.